சுவரை இடித்துவிட்டு டெல்லிக்குப் போவோம்

தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஆயர் பெருமக்களுக்கு,

தோத்திரம் சாமி.

எங்கள் ஊர்க் கல்லறையில் ஒரு சுவர் இருக்கிறது. இடுப்பு உயரம்தான். மேட்டுப் பக்கம் மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்கு, பள்ளத்துப் பக்கம் தலித் கிறிஸ்தவர்களான எங்களுக்கு. ஐப்பசி மழையில் எங்கள் பக்கம் தண்ணீர் கட்டிக்கொள்ளும். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று, சேற்றில் செங்கல்லைப் போட்டு அதன்மேல்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவோம். மேட்டுப் பக்கத்துக் கல்லறைகளை ஒவ்வொன்றாக மந்திரித்துவிட்டுச் சாமியார் எங்களிடம் வருவதற்குள் பாதி மெழுகுவர்த்தி அணைந்திருக்கும். போன வருடம் தீர்த்தம் தீர்ந்துபோனது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கையால் சிலுவை போட்டுவிட்டுப் போய்விட்டார். என் பாட்டியின் குழிக்கு ஒரு சொட்டு விழவில்லை.

இது தப்பு என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே திருச்சபைதான். 1980களின் கடைசியில் எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்த ஓர் இளம் சாமியார் ராத்திரி அரிக்கேன் விளக்கு வைத்து, எகிப்தில் அடிமைகள் போட்ட கூப்பாட்டைக் கடவுள் கேட்ட மோசே கதையை வாசித்துக் காட்டுவார். அப்போது விவிலியத்தில் அந்தப் புத்தகத்துக்கு யாத்திராகமம் என்று பேர். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில்தான் ‘விடுதலைப் பயணம்’ ஆனது. எனக்கு அந்தப் புதுப் பேர் ரொம்பப் பிடிக்கும். “அப்ப நம்ம கூப்பாடும் அவருக்குக் கேக்குமா சாமி?” என்று அப்பா கேட்டாராம். இரண்டே வருடத்தில் அந்தச் சாமியாரை மாற்றிவிட்டார்கள். அவருடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிப்போய் பஸ்ஸில் ஏற்றிவிட்டது அப்பாதான்.

பெருவில் குஸ்தாவோ குத்தியெரஸ் 1971இல் எழுதிய, கடவுள் ஏழைகளின் பக்கம் என்று சொல்லும் விடுதலை இறையியலும், 1981இல் பெங்களூரில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து வளர்ந்த, அதையே எங்கள் நிலையிலிருந்து சொல்லும் தலித் இறையியலும் எங்கள் வீட்டுக்கு அந்த விளக்கு வெளிச்சத்தில்தான் வந்து சேர்ந்தன. மதுரை இறையியல் கல்லூரியில் இறையியலாளர் தியோபிலஸ் அப்பாவு ‘ஒரே உலை’ என்று பேசினார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கித் தின்பதுதான் பூசையில் அப்பம் பகிரும் நற்கருணை என்பதை எங்கள் பாட்டிகளுக்கு யாரும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வோர் ஆகஸ்ட் 10ஆம் தேதியும் நீங்களும் எங்களோடு கறுப்பு தினம் அனுசரிக்கிறீர்கள். 1950இல் அதே தேதியில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் விட்டுவிட்டார்கள். எங்கள் கோரிக்கை நியாயமானது. நானும் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆனால், மதம் மாறியவர்களுக்கு ஏது தீண்டாமை என்று டெல்லியில் கேட்கும்போது, இருக்கிறது என்று காட்ட நம்மிடம் உள்ள சாட்சி இந்தச் சுவர்தான். அங்கே அதைச் சாட்சியாகக் காட்டுகிறோம். இங்கே திருவிழாவுக்குத் திருவிழா பங்கு நிதியில் அதற்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். இந்த வேதனையை யாரிடம் சொல்வது சாமி?

சுவரில் கை வைத்தால் கலவரம் வரும், பொறுமையாக இருங்கள் என்கிறார்கள். எறையூர் என்ற ஊரில் 2008 மார்ச்சில் ஒரே வேதக்காரர்கள் சாதியால் பிரிந்து ஒருவரோடொருவர் மோதி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்கள் மேல்சாதிப் பக்கத்து ஏழைகள். அவர்களுக்காகவும் அழுகிறேன். எத்தனையோ வருடம் தொடாமல் விட்ட புண் அது.

சாதிப் பாகுபாட்டின் சாயல்கூடச் சபைக்குள் ஆகாது என்று 2003இல் போப் இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களிடம் நேருக்கு நேர் சொன்னார். 2016இல் இந்திய ஆயர் பேரவையே சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு கொள்கை அறிக்கை வெளியிட்டது. 2022இல் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனபோது எங்கள் தெருவில் மிட்டாய் கொடுத்தோம். அப்புறமும் சுவர் நிற்கிறது.

உங்கள் குருமடங்களில் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ படம் மாட்டியிருக்கிறீர்கள். எல் சால்வதோரில் அவர் ஞாயிறுதோறும் பிரசங்கத்தில், அந்த வாரம் கொல்லப்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் பெயரைச் சொல்லுவார். அதை வானொலியில் நாடே கேட்டது. 1980 மார்ச் 24 அன்று பூசை பீடத்தில் வைத்து அவரைச் சுட்டார்கள். உங்களிடம் உயிரைக் கேட்கவில்லை சாமி. எந்தெந்தப் பங்கில் இரட்டைக் கல்லறை, எங்கே தேர் எங்கள் தெருவுக்குள் வருவதில்லை என்று ஊர்ப் பேரோடு ஒரு சுற்றுமடல் எழுதி, ஒரே ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கோயிலிலும் வாசிக்கச் சொல்லுங்கள். இறந்த தேதி வரிசைப்படிதான் இனி குழி என்று உத்தரவு போடுங்கள். வருகிற நவம்பர் 2ஆம் தேதிக்குள் சுவர்களை எடுத்துவிட்டு, ஆளுக்கு ஓர் ஊர்க் கல்லறைக்கு நீங்களே வந்து மந்திரியுங்கள்.

அப்பாவுக்கு இப்போது 78 வயது. போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டு, “என்னைய அந்தச் சுவத்த ஒட்டி வச்சிருங்கப்பா. என்னைக்காச்சும் எடுத்தா நடுவுல கெடப்பேன்” என்றார். சரிப்பா என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பள்ளத்துப் பக்கத்துப் பங்கு மக்களில் ஒருவன்