சிட்னி பாலத்தின் தங்கை

அன்புள்ள குட்டிமா,

நீ அனுப்பிய சிட்னி துறைமுகப் பாலத்தின் படம் வந்தது. "நம்ம ரன்கார்ன் பாலம் மாதிரியே இருக்குப்பா, ஆனா இதுதான் நிஜப் பாலம்" என்று கீழே ஒரு குத்தல் வேறு. சரி, அது பெரிசுதான். அங்கே வளைவு 503 மீட்டர், இங்கே இங்கிலாந்தில் 330. ஆனால் அங்கே இரு முனையிலும் கல் கோபுரங்கள் நிற்கின்றனவே, அவை வளைவைத் தாங்குவதே இல்லை, வெறும் அழகுக்கு. நம் பாலத்துக்கு அந்த ஜோடனையெல்லாம் கிடையாது. "பாலத்துக்கு வக்கீலாகிவிட்டீர்களா?" என்று அம்மா கேட்கிறாள்.

முதலில் தொங்கு பாலம் கட்டத்தான் யோசித்தார்கள், தெரியுமா? பக்கத்திலேயே பழைய ரயில் பாலம் இருக்கிறதல்லவா, அதில் மோதித் திரும்பும் காற்று தொங்கு பாலத்தைப் போட்டு ஆட்டிவிடும் என்று மாதிரி செய்து பார்த்ததில் தெரிந்தது. அப்புறம்தான் இந்த எஃகு வளைவு. 1961இல் திறந்தார்கள். அதற்கு முன் வண்டிகள் மெர்சி ஆற்றைக் கடக்க, உயரத்திலிருந்து கம்பிகளில் தொங்கும் ஒரு மேடைதான். வண்டியோடு ஏறி நின்றால் அக்கரைக்கு இழுத்துப்போகும்.

நம் காலத்தில் வேறு கஷ்டம். இக்கரை விட்னஸில் வீடு, அக்கரை ரன்கார்னில் எனக்கு வேலை, உனக்குப் பள்ளி. தினமும் 80,000 வண்டிகளுக்கு மேல் போன பாலம். நடுவில் நின்றால் நின்றதுதான். வண்டி நகரும்வரை வாய்ப்பாடு சொல்ல வேண்டும் என்பது நம் சட்டம். ஏழாம் வாய்ப்பாட்டில் நீ திக்கித் திக்கி அழுததும் அந்த வளைவுக்குக் கீழேதான். நான் அதட்டியிருக்க வேண்டாம்.

2017இல் புதுப் பாலம் திறந்த கையோடு இதை மூடிப் பழுது பார்த்தார்கள். 2021இல்தான் மறுபடி திறந்தார்கள். நேற்று நடந்தே போய்வந்தேன். வண்டிகள் சளசளவென்று ஓடிக்கொண்டே இருக்கின்றன, ஒன்றும் நிற்பதில்லை. இந்த வேகத்தில் எந்தப் பிள்ளையும் இரண்டாம் வாய்ப்பாட்டைக்கூட முடிக்காது.

அப்புறம் ஒரு விஷயம். போன மாதம் வாடகைக் காரில் வந்தாயே, பாலக் காசு கட்டினாயா? சாவடி எதுவும் இருக்காது, கேமராதான். மறுநாள் நள்ளிரவுக்குள் இணையத்தில் கட்டிவிட வேண்டும். எங்களுக்கு உள்ளூர்ப் பதிவு இருப்பதால் உனக்குச் சொல்லவே தோன்றவில்லை. அபராதம் என்று ஏதாவது வந்தால் படமெடுத்து அனுப்பு, நான் கட்டிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா