செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு ஆறு முறை கூடியது. நூலகத்துக்கு ஓர் அலமாரி வாங்கினோம். வானம் பார்க்கும் இரவு மேகமூட்டத்தால் ஒரு முறை தள்ளிப்போய், பிறகு நடந்தது.

கறுப்பினக் கண்டுபிடிப்பாளர்களைப் பற்றி இந்த ஆண்டு நாம் நடத்திய வரிசையைக் குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 'நாலு சுவரொட்டி போதாதா, இத்தனை மாதம் எதற்கு' என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். கைபேசியில் சுற்றிய பட்டியலை அப்படியே அச்சடித்திருந்தால் தவறுகளைத்தான் ஒட்டியிருப்போம். மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் லூயிஸ் லாட்டிமர் என்றது அது. அவருடைய 1882 காப்புரிமை, விளக்குக்குள் ஒளிரும் கார்பன் இழையைச் செய்யும் முறைக்கு. சூளையில் சுடும்போது இழை முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, அதை அட்டை உறைக்குள் வைத்தார். காரெட் மார்கன் முதல் போக்குவரத்து சிக்னலைச் செய்தவர் என்றும் இருந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1914-லேயே மின்சிக்னல் இருந்தது. மார்கனின் 1923 காப்புரிமை கையால் இயக்கும் கம்பத்துக்கு. எல்லாத் திசைகளையும் ஒருசேர நிறுத்தும் நிலை அதில் உண்டு. மிகைப்படுத்துவது மரியாதை ஆகாது. ஒரு பிழை அகப்பட்டால் மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். தாமதத்துக்குக் காரணம் இதுதான்.

பட்டறைக்கு ஜேம்ஸ் வெஸ்டின் எலெக்ட்ரெட் மைக்கை எடுத்துக்கொண்டோம். பெல் ஆய்வகத்தில் அவரும் கெர்ஹார்ட் செஸ்லரும் 1962-இல் உருவாக்கியது. காப்புரிமை 1964-இல் கிடைத்தது. மின்னூட்டம் பெற்ற படலம் ஒலியில் அதிர்வதால் இயங்கும், அதற்கு முந்தைய கண்டென்சர் மைக்குக்கு வெளியிலிருந்து உயர் மின்னழுத்தம் கொடுத்தாக வேண்டும். இவர்கள் மெல்லிய டெஃப்லான் படலத்தில் மின்னூட்டத்தை நிலையாகத் தங்கவைத்தார்கள். மைக் சிறியதாகி விலையும் இறங்கியது. தொலைபேசி, டேப் ரெக்கார்டர், காது கேட்கும் கருவி என எங்கும் அது நுழைந்தது.

பட்டறையில் செய்த மைக் இணைப்பு எளியது. 3 வோல்ட் பேட்டரி, 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு கேப்சூல் (எலெக்ட்ரெட் மைக் அடங்கிய சிறு உலோக டப்பி), ஒலியை வெளியே எடுக்க 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். அந்த 3 வோல்ட் படலத்துக்கானது அல்ல, கேப்சூலுக்குள் இருந்து மெல்லிய மின்சைகையை வலுவாக்கும் எஃப்.இ.டி டிரான்சிஸ்டருக்கானது. பலரும் குழம்பிய இடம் இதுவே. கேப்சூலின் உலோக உறையோடு சேர்ந்திருக்கும் கால் எர்த். மாற்றிக் கொடுத்தால் ஒலி மங்கும் அல்லது வராது. சால்டர் அயர்னை மூன்று விநாடிக்கு மேல் வைக்கக் கூடாது. சூடு ஏறினால் படலம் கெட்டு மின்னூட்டம் போய்விடும். வெளியே பார்த்தால் கேப்சூல் புதிதுபோலத்தான் இருக்கும். வீணான கேப்சூல்களில் பெரும்பாலானவை இப்படிப் போனவை. ஒலி வராவிட்டால் கேப்சூலின் இரு கால்களுக்கிடையே மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: முழு 3 வோல்ட் காட்டினால் மின்னோட்டம் ஓடவில்லை, சுழி காட்டினால் ஷார்ட் அல்லது பேட்டரி இணைப்பு விட்டிருக்கிறது.

பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் முதல் நாளோடு நின்றுவிட்டார்கள். அவர்களுக்காக வாங்கிய பாகங்கள் பெட்டியில் கிடக்கின்றன. வராதவர்களில் சிலர்தான் செலவைக் குறித்தும் கேட்டார்கள் என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

வரவு செலவு ஏறக்குறைய சமம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சந்தா பாக்கி சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. சிலர் இரண்டு ஆண்டுகளாகக் கட்டவில்லை.

இடம் தந்தவர்களுக்கும், தணிக்கை செய்தவருக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும் நன்றி.

வரும் ஆண்டு யான் மாட்செலிகரின் காலணி இயந்திரத்துக்கு மாதிரி செய்ய எண்ணம். சுரினாமில் பிறந்து மாசசூசெட்ஸின் லின் நகரில் உழைத்தவர். 1883-இல் காப்புரிமை பெற்றார். தோலைக் கால் வடிவ மர அச்சின்மேல் இழுத்து, மடித்து, ஆணியடிக்கும் வேலையை அந்த இயந்திரம் செய்தது. கைத்தொழிலாளி நாளுக்கு 50 ஜோடி முடித்த இடத்தில், அது 700 வரை எட்டியது. மாதிரிக்குப் பழைய மர அச்சு ஒரு ஜோடி, இடுக்கிகள், லேத் வேலை தெரிந்த ஒருவர் வேண்டும். பாக்கிச் சந்தா இந்த மாத இறுதிக்குள் வந்துசேர்ந்தால் இரும்புச் சட்டத்துக்கு முன்பணம் கொடுத்துவிடலாம்.

செயலாளர்