நாலு சில்லையும் தூக்குங்கள்

என் காருக்குக் காப்புறுதி தரும் நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கும் வீதி உதவிப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

உங்கள் லொறி என் காரை இழுத்து வந்ததில் ஏற்பட்ட பழுதுக்கு இழப்பீடு கேட்டிருந்தேன். உங்கள் பதில் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. பழுது விபத்தால் வந்ததல்ல, பாவனைத் தேய்மானம், ஆகவே இழப்பீடு இல்லை என்று மூன்றே வரி. நடந்தது என்ன என்பது உங்கள் கோப்பில் இருக்கிறது. அழைப்புகள் பதிவு செய்யப்படும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறீர்கள் அல்லவா, தயவுசெய்து அந்தப் பதிவை ஒருக்கால் போட்டுக் கேளுங்கள். "இது ஃபோர் வீல் கார், நாலு சில்லும் நிலத்தில் படாமல் ஏற்றுகிற கரியர் அனுப்புங்கள்" என்று நான் மூன்று தரம் கேட்டது அதில் இருக்கும். "சின்னக் கார்தானே மிஸ், முன்பக்கத்தைத் தூக்கினால் போதும்" என்று உங்கள் அலுவலர் சொன்ன பதிலும் இருக்கும்.

சின்னக் கார்தான், மறுக்கவில்லை. 2016ஆம் ஆண்டு சுசுக்கி ஹஸ்லர். 660 சிசி எஞ்சின், 3.4 மீற்றர் நீளம், அகலம் ஒன்றரை மீற்றர்கூட இல்லை. திருகோணமலை மத்திய வீதிச் சந்தையடியில் இரண்டு ஓட்டோவுக்கு நடுவில் நிறுத்தலாம். ஆனால் மூதூருக்கு அப்பால் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போகிற கடைசி இரண்டு கிலோமீற்றரும் மண் ரோட். கார்த்திகை, மார்கழியில் அது ரோட்டே இல்லை. அதற்காகத்தான் தேடித் தேடி நாலு சில்லும் இழுக்கிற ஹஸ்லராக வாங்கினேன். டித்வா புயலுக்குப் பிந்திய வாரங்களில் மோட்டார் சைக்கிள்காரர்களே இறங்கித் தள்ளிய சேற்றில், பின் இருக்கை நிறையப் பிள்ளைகளின் கொப்பிகளோடு இந்தக் கார் போய் வந்தது. 2022இல் கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் என்று பெற்றோல் அளந்து தந்த நாட்களிலும் என்னைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்ச் சேர்த்தது இதுதான்.

காப்புறுதி விண்ணப்பத்தில் "நான்கு சில்லு இயக்கம்" என்று என் கையாலேயே எழுதினேன். உங்களுக்கு அது தெரியாது என்று சொல்ல முடியாது.

தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம், மூதூர் தாண்டி வரும்போது ஃபேன் பெல்ட் அறுந்தது. பெரிய விசயமே இல்லை. எஞ்சின் கொதிக்க முதல் ஓரங்கட்டிவிட்டு உங்களை அழைத்தேன். மூன்றேகால் மணித்தியாலம் கழித்து வந்த லொறி முன் சில்லுகளை மட்டும் தூக்குகிற லொறி. வந்த தம்பி நல்ல பிள்ளை. நான் சொன்னதைக் கேட்டு அவரும் உங்கள் அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். கரியர் தம்புள்ளைப் பக்கம் இருந்துதான் வர வேண்டும், இன்றைக்கு வராது, அப்படியே கட்டிக்கொண்டு வா என்று பதில் வந்தது. பொழுது படப் போகிறது, ரோட்டோரத்தில் தனியாக நிற்கிறேன். நான் வேறு என்ன செய்திருக்க முடியும்?

முன் சில்லுகளைத் தூக்கிப் பட்டியால் இறுக்கினார். நான் லொறியின் முன் இருக்கையில் திரும்பி உட்கார்ந்து பின் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தேன். முன் சில்லு இரண்டும் கட்டுப்பட்டு அசையாமல் நிற்க, பின் சில்லு இரண்டும் ரோட்டில் சுற்றிக்கொண்டே வந்தன. இறால்குழி கடந்து, கங்கைப் பாலம் கடந்து, கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது எண்ணெய் கருகுகிற நாற்றம் வந்தது. சீனக்குடாவில் தம்பி தேத்தண்ணிக்கு நிறுத்தினார். குனிந்து காரின் அடியில் கையை நீட்டினேன். அடுப்படியில் கை வைத்ததுபோல் அனல் அடித்தது. தொடக்கூட முடியவில்லை.

அங்கே என்ன இருக்கிறது என்பது உங்கள் பொறியியலாளர்களுக்குத் தெரியும். பின் அச்சுக்குப் போகிற தண்டில் ஓர் உருளை, விஸ்கஸ் கப்ளிங் என்பார்கள். உள்ளே மெல்லிய தட்டுகள், தட்டுகளுக்கு இடையே தடித்த சிலிக்கோன் எண்ணெய். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும்வரை அது சும்மா இருக்கும். முன் சில்லு சேற்றில் வழுக்கிச் சுழன்றால்தான் அதற்கு வேலை. அந்த வேக வித்தியாசத்தில் எண்ணெய் சூடேறி இறுகிப் பின் சில்லுக்கு இழுவையைக் கொடுக்கும். சேற்றிலிருந்து மேலே ஏறுகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கென்று செய்த பொருள் அது. மூதூரிலிருந்து திருகோணமலை வரை முன் சில்லைக் கட்டி வைத்துப் பின் சில்லை உருட்டினால் அது என்ன ஆகும்? இதே காரணத்தால்தான் ஒரு ரயர் வெடித்தாலும் நாலையும் மாற்றச் சொல்கிறார்கள். ரயர்த் தேய்மானத்தில் உள்ள சின்ன வித்தியாசத்தையே தாங்காத பொருள் இது.

பெல்ட்டை மாற்ற கராஜில் அரை மணித்தியாலம் எடுத்தது. அப்புறம் காரை வெளியே எடுத்து ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் கார் இடித்து இடித்து நின்றது. கப்ளிங் இறுகிவிட்டது என்றார் மெக்கானிக். புதிது கிடையாது. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் தேடித்தான் பாவித்த ஒன்று எடுக்க வேண்டும். அதன் விலை என் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். இதைத்தான் பாவனைத் தேய்மானம் என்கிறீர்கள். நான் பாவித்ததால் தேயவில்லை ஐயா. நீங்கள் அனுப்பிய லொறி இழுத்ததால் எரிந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். நாலு சில்லையும் தூக்கி ஏற்றுகிற கரியர் ஒன்று திருகோணமலையில் நிற்க வேண்டும். கொழும்பில் கட்டுகிற அதே விகிதத்தில்தான் நாங்களும் கட்டுகிறோம். தவணை ஒரு நாள் பிந்தினால் குறுஞ்செய்தி வருகிறது. உதவி மட்டும் ஏன் தம்புள்ளையோடு நின்றுவிடுகிறது? எங்கள் மாவட்டத்துக்கு எதுவும் இப்படித்தான் வருகிறது, பாதியாக, பிந்தி, வேறு இடத்தில் மிஞ்சியதாக. 2009இல் பாலம் திறக்கும்வரை கிண்ணியாத் துறையில் அக்கரைக்கு ஏற்றிப் போகிற பாதைப் படகுக்காக வெயிலிலும் மழையிலும் காத்து நின்ற சனம் நாங்கள். அப்படி நின்றவர்கள் இனியும் நிற்பார்கள்தானே என்ற நினைப்பு அலுவலகங்களில் இருக்கிறது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 2020 மார்ச்சிலிருந்து கிட்டத்தட்ட ஐந்து வருடம் வாகன இறக்குமதி நின்றிருந்த நாடு இது. கையில் இருக்கிற காரைப் பத்து வருடம், பதினைந்து வருடம் என்று காப்பாற்றி ஓட்டுகிறோம். உங்களை நம்பிக் கொடுத்த காரை உங்கள் ஆட்களே பழுதாக்கினால் நாங்கள் யாரிடம் போவது?

கோபத்தில் விசயத்தை விட்டு விலகிவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

உடனே ஒரு கரியர் வாங்குவது கஷ்டம் என்றால், தூக்காத இரண்டு சில்லுக்கும் அடியில் வைக்கிற சின்னத் தள்ளுவண்டி இருக்கிறது. டொலி என்பார்கள். இங்கே ஓடுகிற லொறியில் ஒரு சோடி போட்டு வையுங்கள். அதுவரைக்கும் அது போதும். அழைப்பு எடுப்பவர்கள் முதல் கேள்வியாக "ஃபோர் வீலா?" என்று கேட்கட்டும். என் கோரிக்கையைத் தேய்மானம் என்று மூடிய கோப்பைத் தயவுசெய்து திறந்து, அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு மறுபடி முடிவு எடுங்கள்.

காரின் கையேட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் படம் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். முழுக்க ஜப்பான் மொழிதான். ஆனால் அந்தப் படத்துக்கு மொழி வேண்டாம். முன்பக்கம் மட்டும் தூக்கிய கார் மேல் பெரிய குறுக்குக்கோடு, நாலு சில்லும் மேலே ஏறிய கார் மேல் ஒரு வட்டம். லொறி ஓட்டிய தம்பி மேல் தயவுசெய்து எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம். இறக்கிவிட்டுப் போகும்போது, "இதை எங்களுக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை டீச்சர்" என்று அவர் சொன்னார். இந்தப் படத்தை முதலில் அவர் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
உப்புவெளியில் வசிக்கும் ஓர் ஆசிரியை