119-ஆவது நிமிடத்தில் ஓடியவருக்கு

அன்புள்ள ழான் திகானா அவர்களுக்கு,

வணக்கம். 1984 ஜூன் 23 இரவு, மார்செய் வெலோட்ரோம் மைதானத்தில் நீங்கள் ஓடிய ஓட்டத்தைப் பற்றி உங்களுக்கே எழுதவேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். அன்று நான் அங்கே இல்லை. ஆட்டத்தின் பதிவை மட்டும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை அரையிறுதி, உங்கள் பிரான்ஸ் அணிக்கு எதிரே போர்ச்சுகல். கூடுதல் நேரத்தில் 2-1 என்று பின்தங்கிய பிரான்ஸை 114-ஆவது நிமிடத்தில் உங்கள் அணியின் தொமெர்க் கோல் அடித்துச் சமனாக்கி மீட்டுவிட்டார். இப்போது 119-ஆவது நிமிடம். இன்னும் ஒரு நிமிடம் போனால் பெனால்டி உதைகளில்தான் முடிவு. இரண்டு வருடம் முன்பு உலகக் கோப்பை அரையிறுதியில், ஸ்பெயினின் செவில் நகரில், 3-1 என்று முன்னிலையில் இருந்தும் மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்ற அணி உங்களுடையது. அந்த வலி உங்கள் யாருக்கும் ஆறியிருக்காது.

எல்லாருக்கும் கால் தளர்ந்துவிட்ட அந்த நேரத்தில் நீங்கள் பந்தோடு கிளம்புகிறீர்கள். முன்னால் ஒரு பாஸ் போடுகிறீர்கள். அது எதிராளி மேல் பட்டு உங்களிடமே திரும்புகிறது. நிற்கவில்லை. வலது பக்கமாகப் பெனால்டி பாக்ஸுக்குள் நுழைந்து, பந்தைப் பின்பக்கமாகத் தரையோடு விடுகிறீர்கள். உங்கள் அணித்தலைவர் பிளாட்டினி அதை அடக்கி அடிக்கிறார். 3-2.

கோல் அவர் பெயரில் எழுதப்பட்டது. அது நியாயம்தான், அந்த நெரிசலில் பந்தை நிறுத்தி அடிப்பது லேசான காரியமா? அந்தத் தொடரில் அவர் 5 ஆட்டத்தில் 9 கோல் அடித்தார். ஆனால் எனக்கு அந்தக் கோல் உங்கள் ஓட்டம்தான். அன்று உங்களுக்கு 29-ஆவது பிறந்தநாள். ஓடியதோ நீங்கள் வளர்ந்த ஊரில்.

பமாகோவில் பிறந்தீர்கள், 1955-இல். மாலி அப்போது பிரான்சின் காலனி. சிறு குழந்தையாக மார்செய்க்கு வந்து சேர்ந்தீர்கள். இளம் வயதில் ஸ்பகெட்டி தொழிற்சாலையில் வேலை, அப்புறம் தபால்காரர் வேலை. துலோன் அணி உங்களை எடுத்தபோது வயது இருபது. இன்றைக்குப் பதினாறு வயதுப் பையனைக்கூட, நேரம் கடந்துவிட்டது என்று அனுப்பிவிடுகிறார்கள். அதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தபால் பையைச் சுமந்துகொண்டு எத்தனை திகானாக்கள் அப்படியே போய்விட்டார்களோ!

பிறகு பிரான்சின் லியோன் அணி, அதற்குப் பிறகு போர்தோ (Bordeaux) அணியில் எட்டு வருடம், மூன்று லீக் பட்டங்கள். பிரான்ஸுக்காக 52 ஆட்டங்கள். உங்களோடு நடுக்களத்தில் நின்ற லூயிஸ் பெர்னாண்டஸ் ஸ்பெயினின் தரிஃபாவில் பிறந்தவர். பிளாட்டினி இத்தாலியிலிருந்து வந்த குடும்பத்தின் பேரன். ஜிரெஸையும் சேர்த்து உங்கள் நால்வரையும் பிரெஞ்சுக்காரர்கள் ‘மாயச் சதுரம்’ என்றார்கள். அந்தச் சதுரத்தில் பந்தை மீட்பதும் சுமந்துபோய்க் கொடுப்பதும் பெரும்பாலும் உங்கள் பங்கு. நானும் கல்லூரி அணியில் நடுக்களத்தில் ஆடியவன். அந்த வேலையில் மூச்சு எப்படி வாங்கும் என்று கொஞ்சம் தெரியும். ஆட்டம் முடிந்தபின் அதை யாரும் பேசமாட்டார்கள் என்பதும் தெரியும்.

உங்களைப் பற்றிப் பேசினார்கள். ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான அந்த வருடப் பலோன் தோர் விருது வாக்கெடுப்பில் பிளாட்டினிக்கு அடுத்த இடம் உங்களுக்கு. நாட்டுக்காக அதுவரை ஒரு கோல்கூட அடிக்காதவருக்கு! உங்கள் ஒரே கோல் 1986 உலகக் கோப்பையில், மெக்சிகோவின் லியோன் நகரில், ஹங்கேரிக்கு எதிராக வந்தது. அந்தக் கோலைப் பார்க்கும்போதும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மனசு திரும்ப மார்செய்க்கே போய்விடுகிறது.

ஒன்றே ஒன்று கேட்க ஆசை. பந்தைப் பின்னால் விடுவதற்கு முன் நிமிர்ந்து பிளாட்டினியைப் பார்த்தீர்களா, இல்லை அங்கேதான் நிற்பார் என்று நம்பி விட்டீர்களா?

அன்புடன்,
உங்கள் ரசிகன்