வியாசர்பாடி ரத்ததான முகாமுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

மே மாத வெயிலில் ரத்ததான முகாமா என்று கேட்காதவர்கள் இல்லை. ஆனால் ரத்த வங்கிகள் அதிகம் தவிப்பது அந்த மாதத்தில்தான். கல்லூரிகள் மூடிவிடும், முகாம்களில் வரிசை கட்டி நிற்கும் மாணவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். சிவப்பணுக்களை ஆறு வாரம் வரை வைத்திருக்கலாம், தட்டணுக்களுக்கோ ஐந்தே நாள்தான். பிரசவம், விபத்து, அறுவை சிகிச்சை என்று எதற்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு ஓடுகிற வடசென்னைக்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். அதனால்தான் எங்கள் மன்றத்தின் ஆண்டு கேரம் போட்டியையும் முகாமையும் மே மாதத்தில் ஒரே நாளில் வைத்தோம். இரண்டும் குறையின்றி நடந்தன.

முதல் நன்றி எங்கள் வார்டு மாமன்ற உறுப்பினர் அம்மாவுக்கு. 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை சென்னையில் மாமன்றமே இல்லாமல் இருந்த காலத்தை நாங்கள் மறக்கவில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூட யாரிடம் போய்ச் சொல்வதென்று தெரியாது. இன்று கதவைத் தட்ட ஒரு வீடு இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளி வளாகத்துக்கு அனுமதி வாங்கித் தந்ததும், குடிநீர் லாரிக்குச் சொன்னதும் அவர்தான். தன் படம் போட்டு பேனர் வைக்கவே கூடாது என்று முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 2019-இல் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து, இருசக்கர வாகனத்தில் போன ஓர் இளம்பெண்ணின் உயிர் போனதே, அதற்குப் பிறகுமா என்று கேட்டார். பேனருக்கென்று ஒதுக்கிய பணத்தில் கொடையாளர்களுக்குப் பழச்சாறு வாங்கினோம்.

காலையில் குத்துவிளக்கு ஏற்றி முடித்ததும் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்திருந்தோம். அவர் நேராகப் பரிசோதனை மேசைக்குப் போய் வரிசையில் நின்றார். செவிலியர் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்தார். ரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும், அவருக்கு 10.8. “அம்மா, நீங்கள் கொடுக்கக் கூடாது. நீங்கள்தான் மாத்திரை சாப்பிட வேண்டும்” என்றார் செவிலியர். பஞ்சை விரலில் அழுத்திப் பிடித்தபடி அங்கேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அவர் கண்ணெதிரே ஒவ்வொரு பெண்ணாகத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பூக்கட்டும் அக்கா, ஏற்றுமதி ஆடை நிறுவனத்துக்குப் போகும் தங்கைகள், பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த தாய். கொடுக்க மனமிருந்தும் உடம்பில் ரத்தமில்லை. முகம் வாடித் திரும்பிய ஒருவரிடம், “எனக்கும் இதே கதைதான் அக்கா, பெயரைச் சொல்லுங்கள்” என்று கேட்டு ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். மதியத்துக்குள் பல பக்கங்கள் நிரம்பின.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அந்தக் கணக்கு எங்கள் தெருப் பெயர்களோடு அந்த நோட்டில் இருந்தது. அடுத்த வாரமே அதை எடுத்துக்கொண்டு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், மருத்துவ அலுவலரிடம் பேசி, விடுபட்ட பெண்களுக்கெல்லாம் தனியாக ஒரு பரிசோதனை நாள் வாங்கிவிட்டார். விழாவுக்கு வருகிற அரசியல்வாதிகளை நிறையப் பார்த்திருக்கிறோம். விழா முடிந்த பிறகு வேலையைத் தொடங்கிய ஒருவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல்தான் இந்த மடலையே எழுதுகிறோம்.

அந்தப் பரிசோதனை நாளில் பொறுமையாகப் பேசிய எங்கள் நகரச் செவிலியர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் பலன் குறையும், எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் சொன்னார்கள்.

கேரம் போட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா எங்கள் வடசென்னைப் பெண். அவரைப் பார்த்துப் பலகையில் உட்கார்ந்த சிறுமிகளுக்காக இந்த ஆண்டு தனிப்பிரிவு வைத்தோம். நடுவர்களாக நாள் முழுவதும் நின்ற மூத்த ஆட்டக்காரர்களுக்கும், பலகைகளைத் தந்து உதவிய பக்கத்துத் தெரு மன்றத்தாருக்கும் எங்கள் வணக்கம்.

வகுப்பறைகளைத் திறந்துவிட்ட தலைமையாசிரியருக்கும், மறுநாள் விடிவதற்குள் வளாகத்தைப் பெருக்கித் தந்த தூய்மைப் பணியாளர்களுக்கும், காசு வாங்க மறுத்த டீக்கடை அண்ணனுக்கும் நன்றி. ரத்தம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் தனியாக நன்றி. உங்கள் சான்றிதழ்கள் மன்றத்தில் இருக்கின்றன, வந்து பெற்றுக்கொள்ளுங்கள்.

மாத்திரை வாங்கிய பெண்களுக்கு ஆகஸ்டில் மறுபரிசோதனை உண்டு. நாள் முடிவானதும் வீடு வீடாக வந்து சொல்வோம், அதுவரை மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். வரவு செலவுக் கணக்கை மன்றத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். நன்கொடை தந்தவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
செயலாளர் மற்றும் மன்ற உறுப்பினர்கள்,
வியாசர்பாடி, சென்னை