அப்பாயியின் சுவிட்ச்

ஈசூன், சிங்கப்பூர்
20.1.2019

அன்புள்ள மகளுக்கு,

டிசம்பர் நடுவில் நீ பேசியபோது, "எண்ணூறு வெள்ளி அனுப்புகிறேன் அப்பா. அப்பாயி அறையில் இருக்கும் பழைய டிவியைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள்" என்றாய். "உன் பணம் ஒன்றும் வேண்டாம்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நான் சொன்ன விதம் உனக்கு வலித்திருக்கும் என்று உன் அம்மா சொன்னாள். வலித்திருந்தால் மன்னித்துக்கொள், அம்மா. ஏன் வேண்டாம் என்றேன் என்பதைத் தொலைபேசியில் கோவையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே டிசம்பர் 31-ஆம் தேதியோடு பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள், இனி மின்னிலக்க (டிஜிட்டல்) ஒளிபரப்பு மட்டும்தான். 2017 கடைசியிலேயே நிறுத்துவதாக இருந்ததை ஓராண்டு தள்ளிப்போட்டார்கள். உங்கள் மெல்பர்னில் 2013 டிசம்பர் 10-ஆம் தேதியே இது முடிந்துவிட்டது. நீ அங்கே போனது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து என்பதால் இந்த மாற்றம் உன் கண்ணில் பட்டிருக்காது. கூடத்தில் இருக்கும் டிவிக்கு ஒரு தொல்லையும் இல்லை. நீ இங்கே இருந்தபோது நாம் சேர்ந்து வாங்கியதுதானே, மின்னிலக்க அலையை வாங்கும் டிவிபி-டி2 முறைக் கருவி அதற்குள்ளேயே இருக்கிறது. ஏரியலைச் செருகி ஒருமுறை தேடவிட்டதும் எல்லா ஒளிவழிகளும் (சேனல்களும்) வந்துவிட்டன. மிச்சம் இருந்தது அப்பாயி அறையில் இருக்கும் 21 அங்குலப் பழைய டிவி. உன் தாத்தா கடைசியாக வாங்கிய பெரிய பொருள் அது. ஒரு கடைக்காரர், "குழாய் டிவி இனி உதவாது, தூக்கிப் போடுங்கள்" என்றே சொன்னார். அது தவறு. பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துளை இருக்கிற எந்த டிவியும் ஒரு மின்னிலக்கப் பெட்டியைச் சேர்த்தால் ஓடும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இருந்துகொண்டு கட்டணத் தொலைக்காட்சி எடுக்காதவர்களுக்கு அந்தப் பெட்டியையும் ஏரியலையும் அரசாங்கமே இலவசமாகக் கொடுத்தது. நமக்கும் வந்திருந்தது. நான்தான் நான்கு மாதம் பிரிக்காமல் சாமி அலமாரிக்குக் கீழே வைத்திருந்தேன்.

டிசம்பர் 8, சனிக்கிழமை பிரித்தேன். செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பத்தொரு வருடம் மின்வேலை பார்த்தவனுக்கு இது அரைமணி நேர வேலை என்று நினைத்தேன். மூன்று நாள் ஆயிற்று.

அப்பாயி அறை ஜன்னலுக்கு நேரே அடுத்த புளோக் நிற்கிறது, உனக்குத் தெரியும். ஒளிபரப்புக் கோபுரம் புக்கிட் பாத்தோக் குன்றில், நமக்குத் தென்மேற்கே இருக்கிறது. ஏரியலை ஜன்னல் கட்டையில் வைத்தேன். பெட்டியின் மெனுவைப் போட்டதும் டிவி திரையில் இரண்டு கோடுகள் தெரிந்தன. ஒன்று அலையின் வலு, இன்னொன்று தரம். வலு நன்றாக ஏறியது, தரம் எழும்பவே இல்லை. அலை நேராக வராமல் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் இப்படித்தான் காட்டும். அனலாக் காலத்தில் இதே கோளாறு வேறு மாதிரி தெரியும். ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் மங்கலாக இன்னொரு முகம் நிற்கும். அலை இளைத்தால் திரையில் புள்ளி மழை பெய்யும். ஆனாலும் யார் பேசுகிறார், என்ன பாடுகிறார் என்று தெரியும், பார்த்துக்கொண்டே இருக்கலாம். மின்னிலக்கத்தில் படமும் ஒலியும் எண்களாகச் சுருங்கி வருகின்றன. வழியில் சில எண்கள் கெட்டால் பெட்டியே திருத்திக்கொள்கிறது. ஆகவே வலு பாதியாகக் குறைந்தாலும் படம் துல்லியமாகவே இருக்கும். திருத்த முடியாத அளவுக்குக் கெட்டுவிட்டால் முகம் சதுரம் சதுரமாக உடைந்து, அப்படியே உறைந்து, திரை கறுத்துவிடும். முதல் இரண்டு நாளும் அதுதான் நடந்தது. செய்தி வாசிப்பவரின் வாய் திறந்தபடியே நின்றுபோனது. அப்பாயி பயந்துவிட்டார். "அந்தப் பிள்ளைக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் மெனுவை வரி வரியாகப் பார்த்தபோதுதான் காரணம் கிடைத்தது. கொடுத்த ஏரியலுக்குள் சிறிய பெருக்கி ஒன்று இருக்கிறது. அதற்கு வேண்டிய 5 வோல்ட் மின்சாரம் பெட்டியிலிருந்து அதே கேபிள் வழியாகப் போக வேண்டும். அந்த வசதி மெனுவில் அணைந்தே கிடந்தது. அதைப் போட்டேன். ஏரியலை ஜன்னலின் இரும்புக் கம்பியிலிருந்து இரண்டடி நகர்த்தி, துணி அலமாரியின் மேல் கோடியில் ஏற்றினேன். தரக் கோடு மேலே போய் நின்றது. மறுபடி தேடவிட்டதில் நம் ஏழு ஒளிவழிகளோடு ஜோகூர்ப் பக்கத்து மலேசிய ஒளிவழிகளும் சில வந்து விழுந்தன. அவர்களும் இதே டிவிபி-டி2 முறைதான். அங்கே அப்போது அனலாக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

படம் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். கஷ்டம் அதற்குப் பிறகுதான் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அப்பாயிக்கு எண்பத்தெட்டு நடக்கிறது. இரவு ஏழு மணிக்கு மேல் காலில் நீர் இறங்கிவிடுவதால் கூடத்தில் உட்கார முடியாது, படுத்தபடிதான் பார்க்கிறார். ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, மற்றொன்றில் எடுக்க வேண்டாம் என்கிறார். அந்த அறையில் இரவில் யாரையும் கூப்பிடாமல் அவர் தாமாகச் செய்துகொள்ளும் காரியம் ஒன்றே ஒன்றுதான். பழைய ரிமோட்டில் மேல் மூலைப் பொத்தானை அழுத்துவார், பிறகு 4. தமிழ் ஒளிவழி வசந்தம் வந்துவிடும். தண்ணீர் எடுத்துக் கொடுக்க உன் அம்மா வேண்டும், குளியலறைக்கு நான் வேண்டும், மாத்திரைக்கு யாராவது ஒருவர் வேண்டும். டிவிக்கு யாரும் வேண்டியதில்லை. விரல் இருட்டிலும் வழி அறிந்து போகும்.

புதுப் பெட்டி வந்ததும் அதுதான் போயிற்று. இப்போது ரிமோட் இரண்டு. ஒன்றால் டிவியைப் போட்டு, பெட்டியின் படம் வரும் ஏவி என்ற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மற்றொன்றால் பெட்டியைப் போட்டு ஒளிவழியைத் தேட வேண்டும். பழக்கத்தில் அவர் பழைய ரிமோட்டில் 4 அழுத்தினால் ஏவியிலிருந்து வெளியே வந்துவிடும். பெட்டியின் ரிமோட்டில் ஒரு பொத்தான் தவறினால் ஆங்கிலத்தில் ஏதோ பட்டியல் திரையை மூடிக்கொள்ளும். தமிழ் தவிர வேறு எழுத்து அவருக்குத் தெரியாது. மூன்று நாள் என்னைக் கூப்பிட்டார். நான்காம் நாள் கூப்பிடவில்லை. ஒன்பது மணிக்கு எட்டிப் பார்த்தேன். விளக்கு எரிந்தது, திரை இருட்டாக இருந்தது, அவர் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். "ஏம்மா போடவில்லை?" என்றேன். "தினம் உன்னை எதற்கு எழுப்புவது?" என்றார்.

மறுநாள்தான் நீ அந்த எண்ணூறு வெள்ளியைப் பற்றிப் பேசினாய். நீ சொன்ன டிவியில் இருக்கும் ரிமோட்டில் பொத்தான்கள் இன்னும் அதிகம். வாங்கிக் கொடுத்திருந்தால் படம் பெரிதாகத் தெரிந்திருக்கும், தாமாகப் போட்டுப் பார்க்கும் அந்த ஒன்றும் அவர் கையைவிட்டுப் போயிருக்கும். அன்று எனக்கு இருந்த ஆற்றாமை முழுவதும் உன்மேல் இறங்கிவிட்டது.

பிறகு ஒரு வழி கண்டேன். இந்த டிவியை ரிமோட்டால் அணைத்தால் மறுபடி எழும்போது பழைய 4-க்குப் போய் நிற்கிறது. சுவர் சுவிட்சில் அணைத்தால் அணைந்த இடமான ஏவியிலேயே எழுந்திருக்கிறது. பெட்டியும் அப்படியே, கடைசியாகப் பார்த்த ஒளிவழியிலேயே விழிக்கிறது. ஆகவே இரண்டையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகி, பட்டறையில் போடும் மாதிரி பெரிய சுவிட்ச் ஒன்றை வாங்கிவந்து கட்டில் சட்டத்தில், அவர் வலது கை படுகிற இடத்தில் பொருத்தினேன். மேலே தட்டினால் வரும், கீழே தட்டினால் போகும். டிவியின் ரிமோட்டை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன். ஒலியைக் கூட்டக் குறைக்கப் பெட்டியின் ரிமோட்டே போதும். அதில் வசந்தத்துக்கு உரிய எண்ணின் மேல் தேக்காவில் வாங்கிய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு, ஒலிக்கு இரண்டு பச்சைப் பொட்டு. மற்ற பொத்தான்களை அட்டை வெட்டி மூடினேன். உன் அம்மாதான் அளவெடுத்து வெட்டிக் கொடுத்தாள்.

இன்னொன்று மிச்சம் இருந்தது. பெட்டி கண் விழிக்க அரை நிமிடம் ஆகிறது. அதற்குள் ஏதோ தவறு என்று நினைத்து அவர் சுவிட்சைத் திரும்பத் தட்டிவிடுவார், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். "தட்டிவிட்டு நிதானமாகப் பத்து முறை முருகா என்று சொல்லுங்கள் அம்மா" என்றேன். ஏழாவது எட்டாவது முருகாவில் படம் வந்துவிடுகிறது. இப்போது இரவு எட்டேகாலுக்கு அறையிலிருந்து அந்தக் குரல் கேட்கிறது. பிறகு எட்டரைக்குச் செய்தியின் இசை. நான் கூடத்தில் உட்கார்ந்து இரண்டையும் கேட்கிறேன். உனக்கு எழுதும்போதும் மனம் நிறைகிறது.

சின்னக் குறை ஒன்றையும் சொன்னார். "எல்லாரும் இளைத்துப் போய்விட்டார்கள்" என்றார். புது ஒளிபரப்பு அகலத் திரைக்கானது, அதைப் பழைய சதுரத் திரையில் அடைத்தால் முகம் நீண்டுவிடும். பெட்டியில் அதற்கு ஒரு மாற்று இருக்கிறது. மாற்றியதும் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்தது, முகங்கள் பழையபடி ஆயின.

ஆண்டின் கடைசி இரவு சமையலறைச் சின்ன டிவியை அனலாக்கிலேயே ஓடவிட்டேன், அப்பாயி அறையில் பெட்டி வழியாக ஓடியது. நடுவில் நின்று கேட்டால் சமையலறையில் எண்ணிக்கை முன்னே போகிறது, அறையில் சில நொடி பின்னால் வருகிறது. சுருக்கி, அனுப்பி, விரிக்க அவ்வளவு நேரம் வேண்டியிருக்கிறது. அப்பாயி தூங்கவில்லை. அன்றைக்கு அவரே பழைய கதையை எடுத்தார். 1963 பிப்ரவரி 15-ஆம் தேதி விக்டோரியா நினைவு மண்டபத்தில் அமைச்சர் ராஜரத்தினம் நம் தொலைக்காட்சியைத் தொடக்கிவைத்தார். அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்பதில் அப்பாயிக்கு இன்றைக்கும் பெருமை. அந்த வருடம் ஒருநாள் என்னையும் உன் அத்தையையும் கையில் பிடித்துக்கொண்டு சமூக மன்றத்துக்கு நடந்தாராம். எனக்குப் பத்து வயது. கூட்டத்தில் என்னைத் தோளில் தூக்கிக் காட்டியது எனக்கும் நினைவிருக்கிறது. பிறகு எட்டாம் ஒளிவழியில் சீன நிகழ்ச்சிகளுக்கு இடையே தமிழுக்குக் கொஞ்சம் நேரம் கிடைத்தது. அதற்காக வேலைகளை ஒதுக்கிவைத்துக் காத்திருப்போம். 2000-இல் வசந்தம் சென்ட்ரல், 2008 அக்டோபரில் வசந்தம் தனி ஒளிவழி. "நாள் முழுக்கத் தமிழா?" என்று அன்று அவர் கேட்டதை நீயும் கேட்டாய், பள்ளிச் சீருடையோடு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். அவருக்கு அந்தப் பெட்டி என்ன என்பதை நான் இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை.

சமையலறை டிவியில் இப்போது புள்ளி மழை மட்டும்தான். அதைக் கொடுத்துவிடப் போகிறேன். விடுபட்ட அலைவரிசைகள் கைப்பேசிச் சேவைக்குப் போகின்றன. முன்பு ஓர் ஒளிவழி அடைத்துக்கொண்ட இடத்தில் இப்போது பல ஒளிவழிகளை அடுக்க முடிவதால் அவ்வளவு இடம் மிச்சமாம். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவும் என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார், மலாய் ஒளிவழி சூரியா அடிக்கடி உறைந்துபோகிறதாம். அவர்கள் வீட்டிலும் அதே மெனு விஷயமாகத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை போய்ப் பார்க்கிறேன்.

நாளை தைப்பூசம். இன்று இரவே பெருமாள் கோயிலுக்குப் போய்விடுவேன், அப்பாயிக்கும் சேர்த்து இந்த வருடமும் பால்குடம் எடுக்கிறேன். கிளம்பும் முன் ஒன்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ உன் நேரம் பதினொன்றரைக்கு அழைக்கிறாய். அது இங்கே எட்டரை. நீ அழைத்ததும் அப்பாயி சுவிட்சைக் கீழே தட்டிவிட்டு உன்னோடு பேசுகிறார். பேசி முடித்து மறுபடி போட்டுப் பத்து முருகா சொல்வதற்குள் செய்தி பாதி போய்விடுகிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். முக்கால் மணி முன்னதாக, உன் நேரம் பத்தே முக்காலுக்கு அழை. ஏப்ரலில் உங்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு ஒன்பதே முக்கால். இன்று மட்டும் அம்மாவின் கைப்பேசிக்கு அழை, என்னுடையதை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன்.

அன்புடன்,
அப்பா