சாம்பல் நீர் இல்லாத சோளச் சூப்

ஆசிரியர் அவர்களுக்கு,

அறுவடைக் காலம் வந்தால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணப் பண்ணைகளில் வயலோரம் நீள மேசை போட்டு விருந்து வைப்பது வழக்கமாகி வருகிறது. விளைவித்தவரும் சமைத்தவரும் உண்பவரும் ஒரே மேசையில் உட்காருவது நல்ல காரியம். ஆனால், உணவுப் பட்டியலில் 'பூர்வகுடி உணவு' என்று எழுதிவிட்டு, உறைந்த இனிப்புச் சோளத்தைப் பையிலிருந்து கொட்டிச் சூப் வைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆறு பூர்வகுடி இனங்களின் கூட்டமைப்பான ஹோடினோஷோனி மக்களின் சோளச் சூப்புக்கு வேண்டியது முற்றிக் காய்ந்த வெள்ளை மக்காச்சோளம். அவர்களில் கிராண்ட் ஆற்றங்கரையில் வாழும் சிக்ஸ் நேஷன்ஸ் சமூகத்தாரிடம் அந்த விதை இன்றும் இருக்கிறது. அதன் தடித்த தோல் கழன்று வர மரச் சாம்பல் நீரில் அவிப்பார்கள். மேப்பிள், ஓக் போன்ற வன்மரச் சாம்பல்தான் சரி. பூச்சடித்த பலகையின் சாம்பலைக் கிட்டவும் கொண்டுவரக்கூடாது. மரத்துக்கு மரம் சாம்பலின் காரத்தன்மை மாறும் என்பதால், கைப்பழக்கம் இல்லாதவர்கள் உணவுக்கென விற்கும் நீற்றிய சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளலாம்.

50 பேருக்கு 2.5 கிலோ காய்ந்த சோளம், 8 லீற்றர் தண்ணீர், 25 கிராம் சுண்ணாம்பு. எவர்சில்வர் பானைதான் வேண்டும். அலுமினியத்தைக் காரம் அரித்துவிடும். கொதி வந்ததும் தீயைக் குறைத்து 40 நிமிடம் அவியுங்கள். சோளம் மஞ்சளாக மாறும், அது சரிதான். மூடி இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் ஒரு மணியை இரு விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரவேண்டும். வராவிட்டால் இன்னும் 15 நிமிடம் அவிக்கலாம். பிறகு கையுறை போட்டு, தண்ணீர் தெளிந்து வழவழப்பு போகும்வரை நாலைந்து தடவை அலசுங்கள். இதில் சோம்பல் பட்டால் சூப்பில் சவர்க்கார வாடை அடிக்கும். அதன் பிறகே நல்ல தண்ணீரில், மணி மலரும்வரை மறுபடி அவிப்பது; இதற்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

சூப்பில் சேர்க்கும் பீன்ஸைத் தனிப் பானையில் வேகவையுங்கள். சிவப்பு பீன்ஸ் என்றால் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் நேராகப் போட்டால் அதிலுள்ள நச்சு அழியாது. விருந்தாளிகள் இரவு முழுக்க வாந்தி எடுப்பார்கள். பூசணித் துண்டுகள் கடைசி 20 நிமிடத்துக்குப் போதும்.

சாம்பல் நீர் தோலைக் கழற்றுவதற்கு மட்டுமல்ல. சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் பி3 விற்றமினை அது விடுவிக்கிறது. ஐரோப்பாவுக்குச் சோளம் போனது, பக்குவம் கூடப் போகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளை, பி3 குறைவால் வரும் பெலக்ரா நோய் பிடித்தது. ஸ்பெயினில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் 1735இல் அதைக் குறித்து வைத்தார்.

பட்டியல் விடயத்திலும் ஒரு வார்த்தை. இரண்டு மாதம் முன்பே அச்சடித்துவிட்டு, மழை பிந்தியதும் கடையில் காய் வாங்கி ஒப்பேற்றுவது பண்ணை விருந்து ஆகாது. விருந்துக்கு நாலு நாள் முன்பு, என்ன பறிக்கலாம் என்று விவசாயி சொன்ன பிறகு எழுதுங்கள். வெளியில் பரிமாறும்போது பானை காற்றில் சீக்கிரம் ஆறிவிடும். சூடான உணவு 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது மாகாண விதி. வெப்பமானியைப் பானையின் நடுவில் வைத்துப் பாருங்கள், ஓரத்தில் அல்ல.

எல்லாவற்றையும்விட, இந்தச் சமையல் தெரிந்த பூர்வகுடிச் சமையற்காரரையே அழைத்து, மற்றச் சமையற்காரருக்குக் கொடுக்கும் கூலியையே அவருக்கும் கொடுங்கள். விருந்தன்று காலையில் வரச் சொன்னால் உதவாது. முதல் நாள் மாலையே அடுப்பும் பானையும் அவர் கைக்கு வந்தாக வேண்டும்.

இப்படிக்கு,
பண்ணை விருந்துச் சமையல் குழுவினர்,
ஒன்ராறியோ